யார் பக்கம் நியாயம், எந்தத் தொடர் உயர்வு: ரசிகர் வாதங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை முடிவுகள் இங்கே வெளிப்படுமா?

வெளிப்படும். பிரேக்கிங் பேட், ஃபிரெண்ட்ஸ், கேம் ஆஃப் த்ரோன்ஸ், தி சொப்ரானோஸ், லாஸ்ட், ஸ்டார் டிரெக் ஆகியவற்றின் முக்கியத் திருப்பங்களைத் தொட்டே பேச வேண்டியிருக்கிறது. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

"எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, அதனால் அது மோசமான கதாபாத்திரம்" என்கிறார் நண்பர். இந்த வாதம் செல்லுமா?

செல்லாது. ஒருவர் நல்ல மனிதரா என்பது ஒரு கேள்வி. நம்பும்படி எழுதப்பட்டிருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதி வாதங்கள் தொடங்கிய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. ரசிகர்கள் அதை அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். கதையை நாம் யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம்? ஒருவருடைய ரகசியங்கள் எல்லாம் நமக்குத் தெரியும், அவர் தனியாக அழுவதும் பயப்படுவதும் தெரியும் என்றால், அறுபது மணி நேரத்துக்குப் பிறகு நாம் அவருடைய ஆளாகிவிடுகிறோம். அவருக்குக் குறுக்கே வருகிறவர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் நமக்குத் தொல்லையாகவே தெரிகிறார். ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய கோபம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த மூன்றாவது கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரேக்கிங் பேட்: ஸ்கைலரை ஏன் இத்தனை பேர் வெறுத்தார்கள்?

அவர் கதாநாயகனுக்கு மனைவியாகவும் தடையாகவும் இருந்ததால்தான்.

2008 முதல் 2013 வரை 62 அத்தியாயங்களாக வந்த தொடர் இது. வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், 50 வயதில் தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். ஸ்கைலர் அப்போது கர்ப்பிணி. கணவர் நேரங்கெட்ட நேரத்தில் வெளியே போகிறார், கேட்டால் பொய் சொல்கிறார், அந்தப் பொய்யை மூட இன்னொரு பொய் சொல்கிறார். இதைக் கேள்வி கேட்ட மனைவிக்குத்தான் 'நச்சரிப்பவள்' என்ற பட்டம் கிடைத்தது.

இரண்டாம் சீசனின் கடைசி அத்தியாயத்தில் ஒரு காட்சி. அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுத்த மருந்தின் மயக்கத்தில் வால்டர் படுத்திருக்கிறார். கைபேசியை எடுத்து வந்தீர்களா என்று ஸ்கைலர் கேட்கிறார். எந்தக் கைபேசி என்று வால்டர் திருப்பிக் கேட்டுவிடுகிறார். இரண்டாவதாக ஒரு கைபேசி இருக்கிறது என்பதை அவர் எத்தனையோ முறை மறுத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இடிந்து விழுகிறது. அப்போதும் ஸ்கைலர் கத்துவதில்லை. சிகிச்சை முடிந்து, அவர் உடம்பு தேறி வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பொய்யாகச் சரிபார்த்து, அதன் பிறகே விலகுகிறார். இதைவிடப் பொறுப்பாக யாரால் நடந்துகொள்ள முடியும்? ஆனால் கைபேசி விஷயம் முதலிலிருந்தே நமக்குத் தெரியும். அதனால் அந்தக் காட்சியில் நம் மனம் 'ஐயோ, மாட்டிக்கொண்டாரே' என்று வால்டருக்காகவே பதறுகிறது. எழுத்தாளர்களின் திறமை அது. அந்தப் பதற்றத்தை ஸ்கைலரின் குற்றமாக மாற்றியது ரசிகர்கள்தான்.

வேலை செய்த இடத்தின் முதலாளி டெட் பெனகியுடன் அவருக்கு ஏற்பட்ட உறவும், பிற்பாடு கறுப்புப் பணத்தை வெளுக்க அவர் துணை நின்றதும் விமர்சிக்க வேண்டியவைதான். அவற்றை வைத்து வாதாடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெறுப்பு அதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது.

அது கதாபாத்திரத்தோடும் நிற்கவில்லை. ஸ்கைலராக நடித்த ஆன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத நேர்ந்தது. கதாபாத்திரத்தின் மீதான வெறுப்பு நடிகையான தன் மீதே பாய்ந்ததை அதில் அவர் விவரித்தார். அந்தப் பாத்திரத்துக்காக 2013, 2014 இரண்டு ஆண்டுகளும் சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது. கதாபாத்திரத்தைத் திட்டும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதில் நடித்தவரைத் தாக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் வால்டர் எல்லாவற்றையும் குடும்பத்துக்காகத்தானே செய்தார்?

அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்கிறார். முதல் சீசனிலேயே பழைய நண்பர் எலியட் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வருகிறார். குடும்பம்தான் காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். வால்டரின் தன்மானம் அதை மறுக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவரே ஸ்கைலரிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: தனக்காகவே செய்தேன், அது பிடித்திருந்தது, அதில் கெட்டிக்காரனாக இருந்தேன் என்று. தொடரே தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு விஷயத்தில் ரசிகர்கள் இன்னமும் மேல்முறையீடு செய்துகொண்டிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அப்படியானால் வால்டரை ரசித்தது தவறா?

தவறே இல்லை. ரசிக்கும்படிதான் எழுதியிருக்கிறார்கள். ரசிப்பதும் நியாயப்படுத்துவதும் வேறு வேறு.

ஃபிரெண்ட்ஸ்: ராஸ் செய்தது துரோகமா, இல்லையா?

1997-இல் ஒளிபரப்பான அத்தியாயம். இன்றுவரை தீராத வழக்கு. புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: வேலை காரணமாகக் காதலர்களான ராஸுக்கும் ரேச்சலுக்கும் சண்டை முற்றுகிறது. கொஞ்சம் இடைவெளி விடலாம் என்கிறார் ரேச்சல். ராஸ் கோபமாக வெளியேறுகிறார். பிறகு தொலைபேசியில் அழைக்கும்போது, ரேச்சலின் வீட்டில் அவருடன் முன்பு வேலை செய்த மார்க்கின் குரல் கேட்கிறது. அன்றிரவே ராஸ் வேறொரு பெண்ணுடன் தங்கிவிடுகிறார்.

அவர்கள் பிரிந்திருந்தார்களா என்பதையே எல்லோரும் வாதாடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அந்த இரவில் இருவரும் 'இடைவெளி' என்ற வார்த்தையை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். எழுதியவர்களும் அப்படியே விட்டுவைத்தார்கள். மறுநாள் காலையைப் பாருங்கள் என்பேன். ரேச்சல் சமாதானமாகப் போகலாம் என்கிறார். ராஸ் உண்மையைச் சொல்லவில்லை. செய்தி யார் யார் வழியாக ரேச்சலை எட்டக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொருவராகத் தேடி ஓடி வாயை அடைக்கப் பார்க்கிறார். கடைசியில் காபிக் கடையில் வேலை செய்யும் கந்தர் முந்திக்கொள்கிறார். தப்பே செய்யவில்லை என்று மனதார நம்புகிறவர் அப்படி ஓடமாட்டார். இரவைப் பற்றிச் சந்தேகத்தின் பலனை ராஸுக்குக் கொடுக்கலாம். காலைக்குக் கொடுக்க முடியாது.

நான்காம் சீசனின் தொடக்கத்தில் ரேச்சல் 18 பக்கக் கடிதம் எழுதுகிறார். ராஸ் பாதியில் தூங்கிவிட்டு, படித்ததாகச் சொல்லி அதில் இருந்ததை ஒப்புக்கொள்கிறார். அதே குணம்தான், இந்த முறை சிரிப்புக்காக.

கேம் ஆஃப் த்ரோன்ஸ்: டெனேரிஸ் நகரத்தை எரித்தது திடீர் மாற்றமா, முன்பே விதைக்கப்பட்டதா?

விதைத்திருந்தார்கள். வளர்வதற்கு நேரம் கொடுக்கவில்லை.

விதைகளை முதலில் பார்ப்போம். அரியணைக்காகப் போராடும் டிராகன் அரசி டெனேரிஸ், முதல் சீசனில் தன் அண்ணன் தலையில் கணவர் உருக்கிய தங்கத்தை ஊற்றும்போது கண் இமைக்காமல் பார்த்து நிற்கிறார். நான்காம் சீசனில், கொல்லப்பட்ட அடிமைக் குழந்தைகளுக்குப் பழியாக, மீரீன் நகரப் பிரபுக்கள் 163 பேரைச் சிலுவையில் அறையச் சொல்கிறார். ஏழாம் சீசனில், மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் டிராகனின் நெருப்புக்குக் கொடுக்கிறார். ஆகவே 'இப்படிப்பட்டவர் இல்லையே' என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நேரங்களில் நாம் எங்கே நின்றோம்? அவர் பக்கத்தில்தான். எரிந்தவர்கள் அடிமை வியாபாரிகள். இசை எழும்பியது, நாமும் கைதட்டினோம். எட்டாம் சீசனின் ஐந்தாம் அத்தியாயத்தில் நகரம் சரணடைந்து மணி ஒலித்த பிறகு அவர் மக்களையே எரிக்கிறார். அப்போது கேமரா அவர் முகத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிடுகிறது. நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆர்யா என்ற பெண்ணோடு புழுதியிலும் ரத்தத்திலும் ஓடுகிறோம். வானத்தில் டிராகன் மட்டுமே தெரிகிறது. துணிச்சலான தேர்வு இது. இதுவரை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த நெருப்பைக் கீழேயிருந்து பார்க்க வைக்கிறது. இதற்காக எழுத்தாளர்களைப் பாராட்டியே ஆகவேண்டும்.

பிரச்சினை வேறிடத்தில். முதல் ஆறு சீசன்களும் பத்துப் பத்து அத்தியாயங்கள். ஏழாவது 7, எட்டாவது 6. தோழி மிசாண்டேயின் மரணம், தனிமை, காதலர் ஜான் ஸ்நோவையே அரியணைக்குப் போட்டியாக்கிய பிறப்பு ரகசியம் தந்த அச்சம் என ஒரு மனம் உடைவதற்கான காரணங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை காரணங்களாக மட்டுமே வந்து போகின்றன. ஒவ்வொன்றையும் அவர் தனியாக உட்கார்ந்து விழுங்குவதை நாம் பார்க்கவில்லை. மணி ஒலிக்கும் அந்த நொடியில் அவர் மனதில் ஓடுவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. எட்டு ஆண்டுகள் கூடவே நடந்த ரசிகர்களுக்கு அது போதவில்லை.

கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதே சீசன்தான் 2019-இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியையும் வாங்கியது.

தி சொப்ரானோஸ்: கடைசியில் டோனி இறந்தாரா?

2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான 86-ஆம் அத்தியாயம், குற்றக்கும்பல் தலைவன் டோனி குடும்பத்தோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது பாதியில் கறுப்பாகிறது. ஒலியும் நின்றுவிடுகிறது. பலர் தங்கள் கேபிள் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்தார்கள்.

இறந்தார் என்பதே என் வாசிப்பு. கதவின் மணியைக் கவனியுங்கள். மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறார், அடுத்ததாக அவர் பார்ப்பது திரையில் வருகிறது. இந்த வரிசை திரும்பத் திரும்ப வந்து நம் கண்ணைப் பழக்குகிறது. கடைசி முறையும் மணி ஒலிக்கிறது, நிமிர்கிறார். அடுத்து வரவேண்டியது அவருடைய பார்வை. வருவது இருட்டு. அதே சீசனில், ஏரியில் படகில் உட்கார்ந்து பேசும்போது, சாவு வரும் நேரத்தில் சத்தம்கூடக் கேட்காது போல என்று டோனியின் மைத்துனர் பாபி சொல்லியிருப்பார்.

எதிர்த் தரப்புக்கும் வலு உண்டு: இனி அவர் வாழ்க்கை முழுக்க ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்க்கும் வாழ்க்கைதான், அதையே காட்டினார்கள் என்பார்கள். இந்த வாசிப்பில் டோனி உயிரோடு இருக்கிறாரா என்பதே முக்கியமில்லாமல் போகிறது. இதை முழுதாக மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, மறுக்க விருப்பமும் இல்லை.

லாஸ்ட்: எல்லோரும் முதலிலிருந்தே இறந்துபோனவர்கள்தானே?

இல்லை. விமானம் விழுந்து அவர்கள் சிக்கிக்கொண்ட தீவில் நடந்தது எல்லாம் உண்மையில் நடந்தது என்று 2010-இல் வந்த இறுதி அத்தியாயத்தில் கதாநாயகன் ஜாக்கின் தந்தை வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். இறந்த பிறகு வருவது, ஆறாம் சீசனில் பக்கவாட்டில் ஓடிய அந்த இன்னொரு உலகம் மட்டுமே. கடைசிப் பெயர்ப்பட்டியலின்போது ஆளில்லாத விமானச் சிதைவுகளைக் காட்டியதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். அந்தக் காட்சிகளைச் சேர்த்தது ஒளிபரப்பிய நிறுவனம், கதையை எழுதியவர்கள் அல்ல. முடிவு பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். நடக்காத முடிவைச் சொல்லித் திட்ட வேண்டாம்.

ஸ்டார் டிரெக்: கிர்க்கா, பிக்கார்டா?

விண்கப்பல் தலைவர்கள் இருவரை வைத்து இரண்டு தலைமுறைகள் மோதும் கேள்வி. கிர்க் 1966–69 காலத்தின் 79 அத்தியாயங்களுக்குச் சொந்தக்காரர். பிக்கார்ட் 1987–94 காலத்தின் 178 அத்தியாயங்களுக்கு. இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் கிடைத்தவரோடு மற்றவரை மொத்தமாக ஒப்பிடுவது நியாயமில்லை. ஒன்றுக்கு ஒன்று வையுங்கள்.

கிர்க்குக்கு 1967-இல் வந்த 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. கடந்த காலத்துக்குப் போய் எடித் கீலர் என்ற பெண்ணை நேசிக்கிறார். அவர் விபத்தில் இறந்தால்தான் வரலாறு சரியாகும் என்று தெரியவருகிறது. அந்தக் கணத்தில், எடித்தைக் காப்பாற்ற ஓடும் கப்பல் மருத்துவர் மெக்காயைக் கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். செயல்வீரர் என்று பெயர் வாங்கிய ஒருவருக்கு, எதுவும் செய்யாமல் நிற்பதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

பிக்கார்டுக்கு 1992-இல் வந்த 'தி இன்னர் லைட்'. சுமார் 25 நிமிட மயக்கத்தில், அழிந்துபோன ஒரு கிரகத்தில் கணவனாக, தந்தையாக, தாத்தாவாக ஒரு முழு ஆயுளை வாழ்ந்துவிட்டு எழுகிறார். குடும்பமே வேண்டாம் என்று கப்பலைக் கட்டிக்கொண்ட மனிதருக்கு, அவர் கேட்காமலேயே ஒரு குடும்பத்தைக் கொடுத்துப் பறிக்கிறார்கள்.

இரண்டு அத்தியாயங்களும் தலைவனின் பலத்தையே எடுத்து அதை வலியாக்குகின்றன. நாடகமாகக் கிர்க்கின் அத்தியாயம் கூர்மையானது. கதாபாத்திரமாக எனக்குப் பிக்கார்டே ஒரு படி மேல்.

தி ஆஃபீஸ்: பிரிட்டன் மூலமா, அமெரிக்கத் தழுவலா?

2001–03 காலத்தில் வந்த மூலம், சிறப்பு அத்தியாயங்களையும் சேர்த்து 14. 2005–13 காலத்தில் வந்த அமெரிக்கத் தழுவல் 201. இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. சகிக்க முடியாத ஒரு மேலாளரோடு 14 அத்தியாயங்கள் இருக்கலாம். அதனால் மூலத்தின் மேலாளர் டேவிட் பிரென்ட்டை ஈவு இரக்கமில்லாமல் எழுத முடிந்தது. 201 அத்தியாயம் ஓட வேண்டுமென்றால் மேலாளர் மீது பாசம் வந்தாக வேண்டும். ஆறே அத்தியாயங்கள் கொண்ட முதல் சீசனில் தழுவலின் மேலாளர் மைக்கேல் ஸ்காட் கிட்டத்தட்ட பிரென்ட்டின் நகல். இரண்டாம் சீசனிலிருந்து அவரிடம் ஒரு தனிமையும், எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பும் வெளிப்படுகின்றன. மூலத்துக்கு நேர்மை அதிகம், தழுவலுக்கு அன்பு அதிகம். என் ஓட்டு மூலத்துக்கு.

விருதுகளையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் ஆதாரமாகக் காட்டலாமா?

பிரபலத்துக்கு ஆதாரமாகக் காட்டலாம், தரத்துக்குக் காட்ட முடியாது. மாஷ் தொடரின் இறுதி அத்தியாயத்தை 1983 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். தி வயர் ஒரு எம்மி விருதுகூட வாங்கவில்லை. இரண்டுமே மிகச் சிறந்த தொடர்கள்.

"மூன்றாம் சீசன் வரை பொறுத்துக்கொள், அதற்குப் பிறகு பிரமாதம்" என்று சொல்வது நியாயமா?

இல்லை. முதல் சீசனிலேயே காரணம் காட்ட முடியாவிட்டால் பரிந்துரையை விட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தியவருக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. எங்கே நிறுத்தினார் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசினால் போதும்.

எங்கள் வாதங்கள் எப்போதும் சண்டையில் முடிகின்றன. என்ன செய்வது?

காட்சியைக் கேளுங்கள். 'அவள் சுயநலக்காரி' என்று ஒருவர் சொன்னால், எந்த அத்தியாயத்தில், என்ன செய்தார், அப்போது அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பார்வையாளருக்குத் தெரிந்ததையும் கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததையும் பிரித்து வைத்தாலே குரல்கள் தணியும்.

சரி, ஒரே ஒரு தொடரைச் சொல்லுங்கள் என்றால்?

தி வயர். 2002 முதல் 2008 வரை, ஐந்து சீசன்கள், 60 அத்தியாயங்கள், களம் பால்டிமோர் நகரம்.

காரணம், மேலே திரும்பத் திரும்பக் கேட்ட அதே கேள்விதான்: யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம்? இந்தத் தொடர் ஒருவர் பக்கத்தில் மட்டும் உட்கார விடுவதில்லை. முதல் சீசனில் போலீஸையும் போதைப்பொருள் விற்பவர்களையும் சரிசமமாகப் பார்க்க வைக்கிறது. அடுத்து துறைமுகத் தொழிலாளர்கள், பிறகு நகர அரசியல், பள்ளிக்கூடம், நாளிதழ் என்று ஒவ்வொரு சீசனும் ஒரு வாசலைத் திறக்கிறது. போதைப்பொருள் கும்பலின் ஸ்டிரிங்கர் பெல்லை வெறுக்கத் தயாராகும்போது, அவர் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவராக வகுப்பில் உட்கார்ந்திருப்பதைக் காட்டுகிறார்கள். நான்காம் சீசனில் நான்கு பள்ளிச் சிறுவர்கள் வருகிறார்கள். அவர்களில் எவனுக்கு நடந்தது கொடுமை என்று நானும் நண்பர்களும் வாதாடத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. நான் எப்போதும் ராண்டி பக்கம். அவன் செய்த ஒரே தவறு பெரியவர்களை நம்பியது. டூக்கி பக்கம் நிற்பவர்களுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை.

தொடங்குகிறவர்கள் நான்காம் அத்தியாயம் வரையாவது வாருங்கள். அதில் இரண்டு துப்பறிவாளர்கள், மெக்நல்டியும் பங்கும், ஒரு பழைய கொலை நடந்த சமையலறையை ஆராய்கிறார்கள். பல நிமிடக் காட்சி முழுவதிலும் இருவரும் பேசுவது கிட்டத்தட்ட ஒரே ஒரு கெட்ட வார்த்தையும் அதன் மாற்றுவடிவங்களும்தான். குண்டு எங்கிருந்து வந்தது, கொலைகாரன் எங்கே நின்றான் என்று எதையும் அவர்கள் விளக்குவதில்லை. கையளவும் கோணமும் வைத்து அவர்கள் கண்டுபிடிக்க, நாமும் கூடவே கண்டுபிடிக்கிறோம். அந்தக் காட்சி பிடித்துவிட்டால் மீதி 56 அத்தியாயங்களுக்கு யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியதில்லை.